செட்டில் ஆன குடும்பம்

எங்கள் ஆட்கள் ஒருவனைப் பாராட்ட வேண்டுமென்றால் ‘செட்டில் ஆயிட்டான்’ என்பார்கள். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நல்லவன், படித்தவன், நாலு பேருக்கு உதவுகிறவன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பம்பாய் மாட்டுங்காவில் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவர் என் பெயரைக்கூடக் கேட்க மாட்டார். ‘செட்டில் ஆயாச்சா?’ என்றுதான் கேட்பார். சாம்பார் வருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலுக்காகத்தான் நான் கடன்காரன் ஆனேன். இதை மழுப்பிப் பிரயோஜனமில்லை. வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு வரவில்லை, எனக்கு வேலை போகவில்லை. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் நாங்கள் இருந்த ஒற்றை அறையை அண்ணனிடம் விட்டுவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு வாடகைக்குப் போனேன். டெபாசிட்டுக்கு மனைவியின் வளையல்கள் போயின. சோபா ஒரு கிரெடிட் கார்டில் வந்தது. ஏசி இன்னொன்றில் வந்தது. மூன்றாவது கார்டை எதற்கு வாங்கினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் ஒரு டிராலிப் பெட்டி இனாமாகத் தந்தான், அதற்காக இருக்கும். அதன் சக்கரம் முதல் தடவை ஊருக்குப் போனபோதே கழன்றுவிட்டது.

இவை போதாதென்று சம்பளக் கணக்கில் ஓர் ஓவர்டிராஃப்ட். கணக்கில் காசு இல்லாவிட்டாலும் ஒரு லட்சம் வரை எடுக்கலாம், எடுத்ததற்கு வட்டி. ஏடிஎம் சீட்டில் அந்த ஒரு லட்சத்தையும் என் கையிருப்போடு சேர்த்தே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும். நான் துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கிற ஒரு ஆபீசில் இருபது வருடமாகப் பில் போடுகிறவன். அடுத்தவன் பெட்டிக்கு வரி ஒரு ரூபாய் கூடிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். சொந்தச் சீட்டைப் பார்க்கும்போது மட்டும் கண் தெரியாது.

ஐந்தாம் தேதி ஒரு கார்டு, பன்னிரண்டாம் தேதி ஒன்று, பதினெட்டாம் தேதி ஒன்று. மூன்றுக்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவேன். அதற்கு ஓவர்டிராஃப்டிலிருந்து எடுப்பேன். முதல் தேதி வருகிற சம்பளம் அந்தப் பள்ளத்தை நிரப்பவே சரியாகப் போகும். பிறகு மறுபடியும் தோண்டுவேன். மூன்று வருடம் இப்படி ஓட்டினேன். அதற்குள் ஏசி ரிப்பேராகிவிட்டது, அதன் கடன் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பெரிய கார்டுக்கு நாலு மாதம் ஒன்றுமே கட்ட முடியவில்லை. வசூல்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். செல்லுக்கும் வரும், ஆபீஸ் நம்பருக்கும் வரும். “க்யா பே, பைசா கப் தேகா?” என்றுதான் ஆரம்பமே, என்னடா, காசு எப்போடா தருவே என்று. கூப்பிடுகிறவனுக்கு என் மகன் வயது இருக்கும், எனக்கு மகன் இருந்திருந்தால். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் காதில் விழாமலிருக்க நான் “ஹான் சார், ஹான் சார்” என்று வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி நடிப்பேன். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி அவர் நடிப்பார்.

இதெல்லாம் மனைவிக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குளித்துக்கொண்டிருந்தபோது வந்த போனை அவள் எடுத்துவிட்டாள். வெளியே வந்தபோது அடுக்களையில் குக்கரை அணைத்துவிட்டு நின்றிருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு என் முன்னால் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க.”

சொன்னேன். பெரிய கார்டு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அடுத்தது எழுபத்தைந்து. டிராலிப் பெட்டிக் கார்டு அறுபது. ஓவர்டிராஃப்ட் முழு ஒரு லட்சம். கூட்டினால் நாலேகால் லட்சம். அவள் தாராவியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் டீச்சராக இருந்தவள். எழுத்து அச்சுப் போல இருக்கும். நாலு வரியையும் எழுதி அடியில் கோடு போட்டாள்.

“எதுக்கு நாலு பேருக்குப் பயந்துகிட்டு இருக்கணும்? ஒத்தை ஆளுக்குப் பயந்தா போதும்லா. நான் சேர்த்து வச்ச மூணு லட்சம் பேங்க்ல டெபாசிட்டா கெடக்கு. சின்ன கார்டு ரெண்டையும், அந்த ஓவர்டிராஃப்டையும் முழுசா அடைச்சு மூடிருவோம். மிச்சம் அறுபத்தஞ்சைப் பெரிய கார்டுல போடுவோம். பெறவு அது ஒண்ணுதான். உங்க சம்பளத்துல மாசாமாசம் கட்டுனா ஒண்ணரை வருசத்துல முடிஞ்சிரும்.”

“அது பிள்ளை படிப்புக்கு வச்சதுல்லா?”

“அவளுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. படிப்புக்கு பேங்க்ல லோன் தாராங்க. நீங்க ஒழுங்கா இருந்தா தருவாங்க.”

அந்தத் தாளில் அவள் எழுதியது அத்தனையும் சரி. எழுத்துக்கூடப் பிசகில்லை. நான் அதன்படி செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்த வாரமே சின்ன கார்டுகள் இரண்டையும் கட்டி, கத்தரிக்கோலால் வெட்டினேன். ஓவர்டிராஃப்டை அடைத்து, இனி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். அறுபத்தைந்தாயிரம் கையில் இருந்தது. பெரிய கார்டில் போட வேண்டியதுதான் பாக்கி. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்த போன் வந்தது. எடுத்ததும் வழக்கம்போல “ஹான் சார்” என்று ஆரம்பித்தேன்.

“வணக்கம் சார், சாப்பிட்டீங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

நாலு மாதமாக ‘க்யா பே’ கேட்டுக் கேட்டுப் புண்ணான காதில் அது தமிழில் விழுந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, “சாப்பிட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்” என்று பதில்கூடச் சொன்னேன். டப்பாவை மூடிவிட்டு மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

“பயப்படாதீங்க சார். உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் ஆஃபர் வாங்கி வச்சிருக்கேன். எண்பதாயிரம் கட்டிட்டா போதும், உங்க அக்கவுன்ட் மொத்தமா செட்டில் ஆயிடும். நீங்க நிம்மதியா இருக்கலாம்.”

ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு எண்பதாயிரம். எந்தத் தமிழனும் அந்த இடத்தில் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். வட்டி பற்றியல்ல, விதிமுறை பற்றியல்ல.

“எந்த ஊரும்மா நீ?”

“தென்காசிப் பக்கம் சார்.”

அவ்வளவுதான். என் அம்மாவின் ஊர் தென்காசிக்குப் பக்கத்தில்தான். அதற்குப் பிறகு அந்தப் பெண் எனக்கு பேங்க்காரியாகத் தெரியவில்லை. சொந்தக்காரப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். “பெறவு ஒண்ணும் வராதுல்லாம்மா?” என்று கேட்டேன். “ஒண்ணுமே வராது சார்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே சந்தோஷப்படவில்லை. “மிச்சம் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை எவனாவது சும்மா விடுவானா? நாம வாங்கித் தின்னதுதான, முழுசாவே கட்டிருவோமே” என்றாள். நான் சிரித்தேன். பள்ளிக்கூட டீச்சருக்கு பேங்க் விவகாரம் என்ன தெரியும் என்கிற சிரிப்பு. “நம்ம ஊர்ப் பிள்ளை சொல்லுதா. சும்மா இரு” என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அறுபத்தைந்தோடு சம்பளத்திலிருந்து பதினைந்தாயிரம் போட்டு எண்பதைக் கட்டினேன். பத்து நாளில் கடிதம் வந்தது. இங்கிலீஷில் மூன்று பத்தி. மூன்றாவது பத்தியில், இந்தக் கணக்கு ‘செட்டில்டு’ என்று கடன் தகவல் ஆவணங்களில் பதிவு செய்யப்படும் என்று எழுதியிருந்தது. நான் அதைத் தவறவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த வரியைத்தான் மனைவிக்கும் மகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ‘செட்டில்டு’ என்று அரசாங்கம் எனக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது. கடிதத்தை லேமினேட் செய்தேன். தாராவிக்குப் போய் அரைக் கிலோ அல்வா வாங்கி, அண்ணன் வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு ஏற்கெனவே ஒருவர் அல்வா கொடுத்தாகிவிட்டது என்று அப்போது தெரியாது.

இரண்டு வருடம் நிஜமாகவே நிம்மதியாக இருந்தோம். கடன் இல்லை, கார்டு இல்லை. கல்யாணப் பந்தியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாக மார்க் வாங்கினாள். பிசியோதெரபி படிக்க ஆசைப்பட்டாள். என் அண்ணனுக்குக் கை ஒடிந்து, கட்டுப் பிரித்த பிறகு விரலை மடக்க முடியாமல் இருந்தபோது, சயான் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் தினமும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிச் சரி பண்ணினாள். பக்கத்தில் இருந்து அதைப் பார்த்தவள் மகள். “அப்பா, முஜே யஹீ கர்னா ஹை. இதுதான் எனக்கு வேணும்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். நவி மும்பையில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. வருடத்துக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம், நாலரை வருடம். முதல் தவணை கட்ட இருபது நாள் கெடு.

கல்விக்கடன் கேட்டு பேங்க்குக்கு மகளையும் கூட்டிப் போனேன். லேமினேட் செய்த கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டேன், கேட்டால் காட்டலாமென்று. கடன் பிரிவில் ஒரு மராட்டி அம்மாள் இருந்தார். மார்க் பட்டியலைப் பார்த்து மகளைப் பாராட்டினார். அப்பா சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அதனால் அப்பாவின் கடன் அறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டரைத் தட்டினார்.

“ஏக் அக்கவுன்ட் செட்டில்டு திக் ரஹா ஹை” என்றார், ஒரு கணக்கு செட்டில்டு என்று தெரிகிறதாம்.

“ஹான் மேடம், பூரா செட்டில் ஹை” என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். திரையைத் திருப்பிக் காட்டினார். சின்ன கார்டு இரண்டுக்கும் ஓவர்டிராஃப்டுக்கும் எதிரே ‘குளோஸ்டு’ என்று இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தவன் என்று அர்த்தம். பெரிய கார்டுக்கு எதிரே மட்டும் ‘செட்டில்டு’. முழுக்கக் கட்ட வக்கில்லாமல், பேரம் பேசி, பேங்க்கை நஷ்டப்பட வைத்தவன் என்று அர்த்தம். எந்த பேங்க்கும் இதைப் பார்த்தால் யோசிக்கும் என்றார். நாலு மாதம் கட்டாமல் இருந்தது தப்புதான், ஆனால் பிறகு முழுதாகக் கட்டியிருந்தால் இந்த இரண்டு வருடத்தில் அது மங்கிப் போயிருக்கும், இந்த வார்த்தை மங்காது என்றார்.

நாற்பத்தேழு வயதில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கற்றுக்கொண்டேன், மகளுக்கு முன்னால். அந்த வார்த்தைக்காக நான் வளையலை விற்றிருந்தேன், சோபா வாங்கியிருந்தேன், பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வழி இல்லாமலில்லை. விட்டுக்கொடுத்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை இப்போது கட்டி, பாக்கி இல்லை என்று சான்று வாங்கினால் அந்த வார்த்தையை மாற்றுவார்களாம். அதற்குச் சில மாதங்கள் ஆகுமாம். கல்லூரிக்கு இருபது நாள் கெடு. மனைவிக்கு இப்போது வீட்டில் எடுக்கிற டியூஷன் வருமானம்தான், சம்பளச் சீட்டு கிடையாது, அவள் கையெழுத்து செல்லாது. அண்ணனின் கையெழுத்து வேண்டுமென்றால் அவரும் வருமானம் காட்ட வேண்டும். தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவரிடம் என்ன சீட்டு இருக்கும்? வீட்டு டெபாசிட்டைத் திருப்பி வாங்கினால் ஒரு வருடம் படிக்கலாம். மீதி மூன்றரை வருடத்துக்கு ஒன்றுமில்லை.

தென்காசிப் பெண்ணின் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். திட்டவா, அழவா, தெரியவில்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் மூன்று பாஷையில் சொன்னது.

மனைவி அன்றைக்கும் சத்தம் போடவில்லை. அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்த நாள்காட்டித் தாளை எடுத்தாள். வைத்திருந்திருக்கிறாள். என் கையில் கொடுத்து, “கோடு போட்டுத் தந்தேன்லா” என்று மட்டும் சொன்னாள். பிறகு டியூஷன் பிள்ளைகள் வர, கதவைத் திறக்கப் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்கு அது உதவியாக இருந்திருக்கும்.

கெடு முடிந்த நாளில் மகள் தானாகவே வந்து, “அப்பா, டென்ஷன் மத் லோ. கவலைப்படாதீங்க, நான் பி.காம் பண்றேன்” என்றாள். இப்போது சயானில் ஒரு கல்லூரியில் காலை வகுப்பு. அது முடிந்ததும் ரயிலில் வாஷி போய், மாறி, கோபர்கைரனேயில் ஒரு கால் சென்டரில் வேலை. தமிழ் பேசுகிறவர்கள் தேவை என்று விளம்பரம் வந்ததாம். உடனே எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அவள் சம்பளத்தில் பாதி அதற்குப் போகிறது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரர், “பொண்ணு வேலைக்குப் போயிட்டாளா? அப்ப நீங்க முழுசா செட்டில்” என்றார். பாயசம் வைக்க வந்தவரிடம் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு எழுந்தேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தாள்களோடு என்னிடம் வந்தாள். போனில் பேச வேண்டியதைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் வாசிக்க வேண்டும், அவள் இந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாள். திங்கட்கிழமை டெஸ்ட். அவள் சோபாவில் உட்கார்ந்தாள், நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

“வணக்கம் சார், சாப்பிட்டீர்களா” என்று முதல் வரியை வாசித்தேன். அடுத்த வரிக்குப் போக எனக்கு நேரமாயிற்று.

“போலோ நா அப்பா.”

வாசித்தேன். பயப்படாதீர்கள். உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது. உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை. இதைக் கட்டினால் உங்கள் கணக்கு செட்டில் ஆகிவிடும், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தாள். அந்த வார்த்தை வந்தபோதும் பேனா நிற்கவில்லை. அவளும்தானே அன்றைக்கு பேங்க்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இதைச் சொல்லாதம்மா. முடிஞ்சா முழுசா கட்டச் சொல்லு” என்றேன்.

“கால் எல்லாம் ரிகார்ட் ஆகுதுப்பா. ஸ்கிரிப்ட் மாத்தினா மார்க் கட் பண்ணுவாங்க. மூணு தடவை கட் ஆனா வேலை போயிடும்.” தாளைத் திருப்பினாள். “பின்னாடியும் ஒண்ணு இருக்கு. கஸ்டமர் ஊர் கேட்டா சொல்றதுக்கு. அவங்க பேசறதைக் கேட்டு, அவங்க பக்கத்து ஊரா சொல்லணுமாம். அப்பதான் நம்புவாங்களாம்.”

வாங்கிப் பார்த்தேன். ஏழெட்டு ஊர்கள் வரிசையாக இருந்தன. மதுரைப் பக்கம், கோயம்புத்தூர்ப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம். ஒவ்வொன்றாக வாசித்தேன், அவள் எழுதிக்கொண்டாள். ஐந்தாவதாக அது இருந்தது.

எழுதியதை அவள் திருப்பி வாசித்துக் காட்டினாள். மற்றதெல்லாம் சரியாகத்தான் வந்தது. ஐந்தாவதில் மட்டும், பம்பாயில் பிறந்த பிள்ளை, காசியை நினைத்துக்கொண்டு, “தென்காஷிப் பக்கம் சார்” என்றாள்.

“காஷி இல்லம்மா, காசி” என்றேன். “தென்காசி. எங்க, திரும்பச் சொல்லு.”

“தென்காசிப் பக்கம் சார்” என்றாள் என் மகள், ஒரு பிசகு இல்லாமல்.